அச்சுக்குப் போகும் கோப்பு: வாசகர் கேள்வி – பதில்

சுப காரியங்களுக்கும் நினைவு நிகழ்ச்சிகளுக்கும் வீட்டிலேயே கணினியில் வடிவமைத்து அச்சகத்திற்கு அனுப்பும் பழக்கம் பெருகியுள்ள நிலையில், அதில் நேர்ந்த ஏமாற்றங்களை எழுதி வாசகர்கள் பலர் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பிளேட் (அச்சு இயந்திரத்தில் ஒவ்வொரு மைக்கும் பொருத்தும் தகடு) போடுவதற்கு முந்தைய கோப்புப் பணியிலேயே என் வேலைநாட்கள் கழிந்திருப்பதால், அவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடிய ஆறு கடிதங்களை எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

மகளின் திருமண அழைப்பிதழைத் தம்பி மகன் கணினியில் வடிவமைத்தான். திரையில் கிளிப்பச்சையும் நீலமும் கண்ணைப் பறித்தன. சிவகாசியிலிருந்து 500 அட்டைகள் வந்தபோது பச்சை மங்கிப் பாசி நிறமாகவும், நீலம் ஊதாவாகவும் இருந்தன. தங்க நிறம் என்று வைத்தது கடுகு நிறமாக வந்திருக்கிறது. அச்சகத்தார் மட்டமான மையைப் பயன்படுத்திவிட்டார்களா?
– வாசகி, திண்டுக்கல்

மையின்மீது பழி போடுவதற்கு முன் கோப்பைத் திறந்து பாருங்கள். அது திரைக்குரிய ஆர்ஜிபி முறையிலேயே சேமிக்கப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். கணினித் திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளைக் கலந்து நிறங்களைக் காட்டுகிறது. மல்டிகலர் ஆஃப்செட் அச்சு சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு ஆகிய நான்கு மைகளைக் காகிதத்தின்மேல் ஏற்றி, காகிதத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை நம்பி நிறம் தருகிறது. ஒளியால் எட்டக்கூடிய சில நிறங்களை மையால் எட்ட முடியாது. அப்படி எட்ட முடியாதவற்றில் முதலில் நிற்பவை திரையில் மின்னும் கிளிப்பச்சையும், கலப்பில்லாத அந்த நீலமும்தான்.

நீலம் ஊதாவானதற்குத் தனிக் காரணம் உண்டு. திரையின் தூய நீலத்தை அந்த நான்கு மைகளுக்குரிய சிஎம்ஒய்கே முறைக்கு மாற்றும்போது சயானும் மெஜந்தாவும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்து விழுகின்றன. மெஜந்தா அந்த அளவுக்கு ஏறினால் கண்ணுக்கு ஊதாதான் தெரியும். சயான் 100 என்றால் மெஜந்தாவை 70-க்கு மேல் போகவிடாமல் வைத்தால் நீலம் நீலமாகவே நிற்கும். ஆகவே வடிவமைப்பைத் தொடங்கும்போதே கோப்பைச் சிஎம்ஒய்கேயில் வைத்துக்கொண்டு, நிறங்களைத் திரையைப் பார்த்து முடிவு செய்யாமல், அச்சகத்தில் இருக்கும் ஷேடு கார்டை, அதாவது மை அளவுகளோடு அச்சடித்த நிற மாதிரி அட்டையைப் பார்த்து அதில் உள்ள எண்களையே கோப்பில் இட வேண்டும். வழவழப்பான ஆர்ட் அட்டையில் மை மேலேயே நிற்கும். சொரசொரப்பான கைத்தாளில் உள்ளே இறங்கி இன்னும் மங்கும். மேட் லேமினேஷனும் நிறத்தை ஒரு படி அடக்கும். எந்தத் தாளில் அச்சிடப் போகிறோம் என்பது தெரியாமல் நிறத்தைத் தேர்ந்தெடுப்பது பயனற்றது.

தங்கம் நான்கு மைகளில் எதிலும் இல்லை. அவற்றைக் கலந்தால் கிடைப்பது நீங்கள் கண்ட கடுகு நிறமே. பளபளப்பு வேண்டுமானால் ஃபாயில் எனப்படும் மின்னும் மெல்லிய தகட்டை ஒட்டுவது அல்லது உலோகத் தூள் கலந்த தனி மைதான் வழி. அதற்கு, தங்கம் வர வேண்டிய உருவங்களை மட்டும் தனிப் பக்கத்தில், நிழலோ நிறத்தேய்வோ இல்லாமல், 100 சதவீதக் கருப்பில் கொடுக்க வேண்டும். மயிரிழைக் கோடுகள் ஃபாயிலில் அங்கங்கே விட்டுப்போகும்; நெருங்கிய கோலப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆர்ஜிபி கருப்பைப் போட்டோஷாப் தன் வழக்கமான அமைப்பில் மாற்றினால் சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கருப்பு 90 என்று நான்கு மைகளும் சேர்ந்துவிடுகின்றன. பெரிய பரப்பில் அது அழுத்தமான கருப்பாக அமையும். உறவினர் பெயர்ப்பட்டியல் போன்ற சிறிய எழுத்தில் அப்படி இருந்தால், அச்சில் ஒரு பிளேட் தலைமுடியளவு விலகினாலும் ஒவ்வொரு எழுத்துக்கும் சிவப்பும் நீலமுமாக ஓரம் தெரியும். சிறிய எழுத்துகள் கருப்பு 100, மற்ற மூன்றும் 0 என்றே இருக்க வேண்டும்.

என் கணினியில் சரியாக இருந்த தமிழ், அச்சகத்தில் திறந்தபோது கொம்பும் காலும் பிரிந்து கிடந்தது. 'ஸ்ரீ' இருந்த இடத்தில் ஒரு கட்டம். பிறகு அவர்களே தட்டச்சு செய்ததில் மாப்பிள்ளை வீட்டார் பெயர் தவறாகிவிட்டது. இதைத் தவிர்க்க என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், தஞ்சாவூர்

இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். நிறம் சற்று மாறினால் விருந்தினர் கவனிக்காமல்கூடப் போகலாம். பெயர் தவறினால் அந்த வீட்டார் மனம் வருந்துவார்கள்.

தமிழ் எழுத்துருக்கள் இரண்டு வகையாகப் புழங்குகின்றன. பழைய வகையில், ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருப்பார்கள். எந்த இடத்தில் எந்த எழுத்து என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் முடிவு செய்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முழுப் பக்கமும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகிவிடும். நம் ஊர் டிடிபி மையங்கள் பலவற்றில் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். யூனிகோட் தமிழை அதில் முறையாகக் கோக்க முடியாது. நீங்கள் கைப்பேசியில் தட்டச்சு செய்து அனுப்பும் பெயர்ப்பட்டியலை அவர்கள் ஒரு மாற்றியில் போட்டுப் பழைய எழுத்துருவுக்குக் கொண்டுபோகிறார்கள். எழுத்துகள் மாறிப்போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

யூனிகோட் எழுத்துருவில் சிக்கல் வேறு விதமானது. 'கொ' என்பது கோப்பினுள் ககரமும் அதைத் தொடர்ந்து ஒகரக் குறியும் ஆகச் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் வைத்துக் காலைப் பின்னால் வரைவது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருள், குறியைப் புள்ளிவட்டத்தோடு தனியே நிறுத்திவிடும். இன்டிசைனில் பத்தி அமைப்புக்குள் உலகமொழிகளுக்கான கம்போசரை, அதாவது எழுத்துகளைக் கோக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் ஒழுங்காகிவிடும். போட்டோஷாப்பிலும் எழுத்துக்கான விருப்பத்தேர்வுகளில் அதைப் போன்ற ஒன்று உண்டு.

'ஸ்ரீ' கட்டமானதற்குக் காரணம், பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் அந்த வடிவம் இரண்டு வகையாக எழுதப்படுவதுதான். ஒன்று ஸகரத்தில் தொடங்கும். மற்றொன்று 2005-இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்கும். ஶகரம் இல்லாத எழுத்துருவில் இரண்டாவது வகை கட்டமாகத்தான் தெரியும். அழைப்பிதழின் தலைப்பிலேயே வரும் எழுத்து என்பதால், எழுத்துருவை மாற்றும்போதெல்லாம் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். அதேபோல் 'கௌரி', 'சௌந்தர்யா' என்ற பெயர்களில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் தட்டச்சு செய்திருப்பதை வாரந்தோறும் பார்க்கிறேன். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் அது 'கெளரி' என்ற வேறொரு பெயர். எழுத்திடை வெளியைக் கூட்டினால் ளகரம் தனியே விலகி நின்று தவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தீர்வு எளிது. பெயர்களையெல்லாம் நீங்களே தட்டச்சு செய்து, காகிதத்தில் எடுத்துப் பிழை திருத்தி முடித்த பிறகு, எழுத்துகளைக் கர்வ் ஆக மாற்றிவிடுங்கள். கோரல்டிராவில் கண்ட்ரோலும் க்யூவும். இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஓ. அதன்பின் எழுத்து எழுத்தாக இருக்காது, வரைந்த கோடாகிவிடும்; எந்தக் கணினியில் திறந்தாலும் மாறாது. திருத்தவும் முடியாது என்பதால், மாற்றுவதற்கு முன் ஒரு மூலப் படியைத் தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள். கர்வ் செய்த படியை மறுபடியும் அச்செடுத்து, திருத்திய படியோடு வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள். பிடிஎஃப் ஆக அனுப்புவதானால், அக்ரோபாட் ரீடரில் கோப்பின் பண்புகளைத் திறந்து எழுத்துருப் பகுதியைப் பார்த்தால், ஒவ்வோர் எழுத்துருவும் கோப்பினுள் பதிந்திருக்கிறதா என்பது தெரியும்.

அடர்ந்த நிறத்தின்மேல் வெள்ளை எழுத்து வைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி மிகச் சிறியது. ண, ஞ போன்றவற்றின் சுழிகளுக்குள் இருக்கும் இடைவெளி அதைவிடக் குறுகியது. அரக்கு நிறம் நான்கு மைகளால் ஆனது என்றால், வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டுமானால் நான்கு பிளேட்டுகளும் அந்த இடத்தில் ஒத்து நிற்க வேண்டும். 8 பாயின்ட் எழுத்தளவில் மெல்லிய எழுத்துரு என்றால் மை பரவிப் புள்ளி அடைந்துபோய், 'கண்ணன்' 'கணணன' ஆகிவிடும். அத்தகைய இடத்தில் 11 பாயின்ட்டுக்குக் குறையாத, தடித்த வடிவமாகவே வரையப்பட்ட எழுத்துருவைப் பயன்படுத்துங்கள். மெல்லிய எழுத்தை மென்பொருளால் தடிக்க வைத்தால் சுழிகள் மூடிக்கொள்ளும்.

வெள்ளை எழுத்தைப் பற்றிய என் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். கருப்பாக இருந்த ஒரு வரியை வாடிக்கையாளர் கடைசி நேரத்தில் வெள்ளையாக்கச் சொன்னார். கருப்புக்கு ஓவர்பிரின்ட் என்ற அமைப்பு இட்டிருந்ததை நான் நீக்க மறந்துவிட்டேன். அடியிலுள்ள நிறத்தை வெட்டாமல் அதன்மேலேயே அச்சிடு என்பது அதன் பொருள். வெள்ளைக்கு மை கிடையாது என்பதால் அந்த வரி அச்சில் அடியோடு காணாமல் போயிற்று; திரையில் மட்டும் பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்தது. முகூர்த்த நேரம் இருந்த வரி அது. 1,000 அட்டைகளை மறுபடி அடித்துக் கொடுத்தோம். அன்றிலிருந்து ஓவர்பிரின்ட் முன்தோற்றத்தைப் பார்க்காமல் எந்தக் கோப்பையும் நான் கைவிட்டு அனுப்புவதில்லை.

என் தந்தையின் சதாபிஷேகத்திற்கு, பெற்றோரின் 1970-ஆம் ஆண்டுத் திருமணப் படத்தைப் பெரிதாக்கி 10-க்கு 12 அங்குலச் சட்டத்திலும், 8-க்கு 6 அடி ஃப்ளெக்ஸிலும் வைக்க எண்ணினோம். அண்ணன் அந்தப் படத்தைக் கைப்பேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கடைக்காரர் தெளிவு போதாது என்கிறார். கணினியில் 72 டிபிஐ என்று இருந்ததை 300 என்று மாற்றிக் கொடுத்தும் பயனில்லை.
– வாசகர், கோயம்புத்தூர்

அங்குலத்திற்கு எத்தனை புள்ளி என்று சொல்லும் டிபிஐ என்ற அந்த எண்ணை மட்டும் மாற்றுவதால் படத்தில் ஒரு புள்ளியும் கூடாது. கையில் எத்தனை பிக்சல் இருக்கிறது, அதை எத்தனை அங்குலத்தில் பரப்பப் போகிறோம் என்பதுதான் கணக்கு. நீங்கள் எழுதியிருக்கும் அளவுப்படி படம் 1,200-க்கு 1,600 பிக்சல். கையில் எடுத்துப் பார்க்கும் அச்சுக்கு அங்குலத்திற்கு 300 பிக்சல் வேண்டும் என்பது பொது வழக்கு. அதன்படி இந்தப் படம் 4 அங்குல அகலத்திற்குத்தான் காணும். 10 அங்குலத்தில் விரித்தால் அங்குலத்திற்கு 120 பிக்சல்தான் மிஞ்சும். முகங்கள் புகைமூட்டமாகவே தெரியும்.

அசல் படம் அண்ணனிடம் இருப்பது நல்வாய்ப்பு. அதைச் சட்டத்திலிருந்து கழற்றி, ஸ்கேனரின் கண்ணாடியையும் படத்தையும் உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அசல் 5-க்கு 7 அங்குலம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 3,000-க்கு 4,200 பிக்சல் கிடைக்கும். 10 அங்குல அகலத்திற்கு அது மிகச் சரியாக 300. கருப்பு வெள்ளைப் படம்தானே என்று கிரேஸ்கேலில் எடுக்க வேண்டாம், வண்ணத்திலேயே எடுக்கட்டும். மஞ்சள் பூத்த கறைகளைப் பிறகு பிரித்து நீக்க அது உதவும். கோப்பை டிஃப் ஆகச் சேமிக்க வேண்டும். ஜேபெக் கோப்பைத் திறந்து திருத்தித் திரும்பத் திரும்பச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் நுணுக்கம் குறையும். அனுப்பும்போது மின்னஞ்சலிலோ, வாட்ஸ்அப் என்றால் படமாக இல்லாமல் டாக்குமென்ட் ஆகவோ அனுப்பட்டும். படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும்.

ஃப்ளெக்ஸுக்குக் கணக்கு வேறு. பத்தடி தள்ளி நின்று பார்ப்பதற்கு அங்குலத்திற்கு 72 பிக்சல் போதுமானது. 8-க்கு 6 அடி என்பது 96-க்கு 72 அங்குலம். அதாவது 6,912-க்கு 5,184 பிக்சல். பெற்றோர் படம் அதில் 3 அடி அகலம் என்றால், ஸ்கேன் செய்த படத்திலிருந்தே அங்குலத்திற்கு 83 பிக்சல் கிடைத்துவிடுகிறது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் போட்டுத் தெளிவாக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மண்டபத் தூண், திரைச்சீலை ஆகியவற்றுக்கு ஆட்சேபணை இல்லை. முகத்திற்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இல்லாத நுணுக்கத்தை அந்தச் செயலி ஊகித்து நிரப்புகிறது. உங்கள் அம்மாவின் கல்வைத்த தோடு வேறு தோடாகும், கண்ணோரம் இருந்த மச்சம் அழியும், சிரிப்பு யாரோ ஒருவருடைய சிரிப்பாகிவிடும். மங்கலாக இருந்தாலும் அவர்கள் முகம் அவர்கள் முகமாகவே இருப்பதுதான் அந்த நாளுக்குப் பொருத்தம்.

கிரகப்பிரவேச அட்டையின் நான்கு ஓரங்களிலும் பட்டை வைத்திருந்தோம். ஒரு பக்கம் அகலமாகவும் எதிர்ப்பக்கம் குறுகலாகவும் வெட்டியிருக்கிறார்கள். சில அட்டைகளில் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிகிறது.
– வாசகி, காரைக்குடி

நூற்றுக்கணக்கான தாள்களை அடுக்கி ஒரே வெட்டாக வெட்டும்போது ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இடம் பிசகுவது இயல்பு. ஆகையால் பின்னணி நிறமும் படமும் வெட்டும் கோட்டைத் தாண்டி நான்கு பக்கமும் 3 மி.மீ. நீண்டிருக்க வேண்டும், இதைத்தான் பிளீட் என்கிறோம். 7-க்கு 5 அங்குல அட்டைக்கு, அதாவது 178-க்கு 127 மி.மீ. அட்டைக்கு, கோப்பின் அளவு 184-க்கு 133 மி.மீ. ஆகிறது. எழுத்துகள் வெட்டுக்கோட்டிலிருந்து 5 மி.மீ. உள்ளே தள்ளியிருக்கட்டும். ஓரத்தை ஒட்டிய 3 மி.மீ. பட்டையில் 1 மி.மீ. பிசகினால் ஒரு பக்கம் 4, எதிர்ப்பக்கம் 2 ஆகி, ஒன்று மற்றதைப் போல் இரு மடங்காகத் தெரியும். பட்டை அவசியம் என்றால் ஓரத்திலிருந்து 6 மி.மீ. உள்ளே, சுற்றிலும் வெளி விட்டு வையுங்கள். பிசகு இருந்தாலும் கண்ணில் உறுத்தாது.

பள்ளி முன்னாள் மாணவர் சந்திப்புக்குக் கருப்பு டி-ஷர்ட்டில் பள்ளிச் சின்னம் அச்சிட்டோம். சின்னத்தைச் சுற்றி அழுக்கு வெள்ளையாக ஒரு வளையம் வந்திருக்கிறது. சின்னத்தை இணையத்திலிருந்து எடுத்துக் கொடுத்தோம்.
– வாசகர், சேலம்

இது டிடிஎஃப் முறையில், அதாவது படலத்தில் அச்சிட்டுச் சூட்டால் துணிக்கு மாற்றும் முறையில் செய்ததாக இருக்க வேண்டும். கருந்துணியில் நிறம் தெரிய, அடியில் ஒரு வெள்ளை மைத் தளம் போடுவார்கள். பின்னணி நீக்கிய பிஎன்ஜி படத்தில் எங்கெல்லாம் சிறிதளவாவது நிறம் இருக்கிறதோ, அங்கெல்லாம் அந்த வெள்ளையும் வந்து உட்காரும். நிழல், ஒளிவட்டம், பின்னணியை நீக்கும்போது விளிம்பில் தங்கிய அரைகுறைப் பிக்சல் ஆகிய எல்லாம் திரையில் மென்மையாகத் தெரிந்தாலும், துணியில் வெண்படலமாகத் தடித்து நிற்கும். கோப்பைத் திறந்து பின்னணியில் கரும் பச்சையோ சிவப்போ நிரப்பிப் பாருங்கள். அந்த வளையம் அப்போதே தெரிந்துவிடும். விளிம்புகள் அறுத்தது போல் கூர்மையாக இருக்க வேண்டும்.

இதைவிட நல்ல வழி, சின்னத்தைக் கோரல்டிராவிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ கோடுகளாக மறுபடி வரைந்துவிடுவது. ஒரு முறை வரைந்து வைத்தால் பேனாவிலும் அச்சிடலாம், பந்தல் வாசலிலும் அச்சிடலாம். எண்ணிக்கை நூற்றுக்கு மேல் என்றால் திருப்பூரில் ஸ்கிரீன் பிரின்டிங் சிக்கனமாக இருக்கும். அங்கே ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் போட வேண்டியிருப்பதால், சின்னத்தை இரண்டு அல்லது மூன்று முழு நிறங்களுக்குள் சுருக்கி, நிறத்தேய்வு இல்லாமல் வரைந்து கொடுத்தால் செலவும் குறையும், துவைப்புக்கும் தாங்கும். சூட்டால் மையை ஆவியாக்கிப் பரப்பில் ஏற்றும், காபிக் கோப்பைக்கு உரிய சப்ளிமேஷன் முறை இவற்றுக்கு மாறானது. அதற்கு வெள்ளை மை இல்லை, பாலியஸ்டர் பூச்சுள்ள வெளிர் பரப்புதான் வேண்டும். கருப்புப் பருத்தித் துணிக்கு அது உதவாது.

எல்லாம் முடித்த பிறகு எந்த வகைக் கோப்பை அனுப்புவது? கான்வாவில் செய்ததை அப்படியே கொடுக்கலாமா?
– வாசகி, புதுச்சேரி

கான்வா என்ற இணைய வடிவமைப்புத் தளத்தில் அச்சுக்கான பிடிஎஃப் என்ற வகையைத் தேர்ந்து, பிளீடும் வெட்டுக்குறிகளும் சேர்த்து இறக்குங்கள். சிஎம்ஒய்கே வசதி கட்டணக் கணக்கில்தான் உண்டு. இலவசக் கணக்கில் இறக்கினால் கோப்பு ஆர்ஜிபி என்பதை அச்சகத்தாரிடம் சொல்லிவிடுங்கள். மற்ற மென்பொருள்களில் செய்பவர்கள், அச்சகத்தார் வேறொன்றைக் கேட்காதவரை, பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ என்ற வகையில் சேமிக்கலாம். எழுத்துருக்கள் பதிந்திருக்க வேண்டும், ஆர்ஜிபி நிறம் உள்ளே இருக்கக் கூடாது என்பதை அந்த வகை தானே கட்டாயமாக்கிவிடுகிறது. கோப்பின் பெயரில் அளவும் தேதியும் இருக்கட்டும். 'பைனல்', 'பைனல் புதியது', 'கடைசி பைனல்' என்று மூன்று கோப்புகள் வந்து, நடுவில் உள்ளது பிளேட்டுக்குப் போன கதை எல்லா அச்சகங்களிலும் உண்டு.

சரிபார்ப்பதற்கான மாதிரிப் படியாகிய புரூஃப் வந்ததும் அதைக் கைப்பேசியில் பார்த்துச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். உண்மையான அளவில் அச்செடுத்து, வீட்டில் பெரியவர் ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லி, மற்றொருவர் கையெழுத்துப் பட்டியலோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை ஆகிய மூன்றையும் பஞ்சாங்கத்தில் வைத்துச் சரிபாருங்கள். வழிகாட்டும் க்யூஆர் குறியை அந்தக் காகிதத்திலிருந்தே கைப்பேசியால் படித்து, அது உங்கள் மண்டபத்திற்குத்தான் அழைத்துச் செல்கிறதா என்று பாருங்கள். அதன்பின் அந்தத் தாளிலேயே தேதியிட்டுக் கையொப்பமிட்டு, ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொண்டு மற்றதை அச்சகத்தில் கொடுங்கள்.